ராமசுப்புவின் பஸ் இன்னும் கிளம்பவில்லை

"சார், கட்டுரை செம சார். லேசா தூசி தட்டினா போதும்."

போன வாரம் தொலைபேசியில் இப்படிச் சொன்ன தம்பி ஒரு தீபாவளி மலரில் வேலை பார்க்கிறார். நான் எந்தக் காலத்திலோ எழுதிய பஸ் கட்டுரை ஒன்றை எங்கிருந்தோ தோண்டி எடுத்திருக்கிறார். தோண்டி எடுக்கப்படுவது இந்தத் தொழிலில் பெரிய கௌரவம். கீழடிக்கு அடுத்தபடி நம் வீடுதான் என்று மனைவியிடம் சொன்னேன். "அங்கேயாவது பானை கிடைச்சுதுங்க" என்றாள்.

தூசி தட்டுவது என்றால் என்ன என்று விசாரித்தேன். இப்போதுள்ள வாசகர்களுக்குப் புரியாத இடங்களை மாற்ற வேண்டுமாம். தலைப்பை மாற்ற வேண்டுமாம். நடுவில் ஒரு பெட்டிச் செய்தி வேண்டுமாம். சன்மானம்? பழைய கட்டுரைதானே சார், பாதி. "ஆனா உங்க பழைய கன்டென்ட் எல்லாம் கோல்டு சார்." தெருவில் பழைய பட்டுப்புடவை வாங்க வருகிறவரும் இதையேதான் சொல்வார். புடவையை விரித்து, என்ன அழகான மாங்காய் பார்டர் என்று அவர் ரசித்து யாரும் பார்த்ததில்லை. ஜரிகையைக் கத்தரித்து, கொளுத்திப் பார்த்து, எடைக்குக் காசு கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்.

பழைய எழுத்துக்குப் புது வாசகர்களைக் கூட்டிவர உண்மையில் ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இதோ வருகிறேன். அதற்கு முன்னால் ராமசுப்புவின் கதி என்ன ஆயிற்று என்று சொல்லிவிடுகிறேன்.

ராமசுப்பு என் கட்டுரையின் நாயகன். தீபாவளிக்கு முந்தின ராத்திரி கும்பகோணம் போக பாரிமுனைக்கு வருகிறான். முதல் வரியிலேயே தம்பி சுழித்திருந்தார். பாரிமுனையிலிருந்து இப்போது கும்பகோணத்துக்கு ஏது பஸ்? நியாயம்தான், 2002-லேயே கோயம்பேட்டுக்குப் போய்விட்டதே. கோயம்பேடு என்று திருத்தினேன். அதுவும் பழசு. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் திறந்தாகிவிட்டது. கிளாம்பாக்கம் என்று திருத்தினேன். ஆக, ராமசுப்பு இருந்த இடத்தை விட்டு அசையாமலே பஸ் ஸ்டாண்டு மட்டும் முப்பது கிலோமீட்டருக்கு மேல் தெற்கே ஓடிவிட்டது.

இதில் ஒரு சங்கடம். ராமசுப்பு குடியிருப்பது தண்டையார்பேட்டையில். பஸ் ஸ்டாண்டு இதோ கூப்பிடு தூரத்தில்தானே என்ற மெத்தனத்தில் எண்ணெய்க் குளியலுக்கு நல்லெண்ணெய், தம்பிக்குத் துப்பாக்கி, கேப் என்று ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டு கடைசி நிமிஷத்தில் கிளம்புவான். கட்டுரையே அந்த மெத்தனத்தின் மேல்தான் நிற்கிறது. கிளாம்பாக்கத்துக்குப் போக வேண்டியவன் மெத்தனமாக இருக்க முடியுமா? மத்தியானமே புறப்பட வேண்டும். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி விமான நிலையம் வரை போய், அங்கே சாலையைக் கடந்து மாநகரப் பேருந்தில் தொற்றி, தாம்பரம் தாண்டி, பெருங்களத்தூரில் தீபாவளிக் கூட்டத்தோடு கூட்டமாக நின்று, வண்டலூர் மிருகக்காட்சி சாலையை எட்டிப் பார்த்து… மூன்று பக்கம் போய்விட்டது. வெளியூர் பஸ்ஸை இன்னும் அவன் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

"கூடுவாஞ்சேரியில குடி வெச்சிடுங்க சார்" என்றார் தம்பி. வைக்கலாம். ஆனால் இரண்டாம் பத்தியில் ராமசுப்பு வாடகை பாக்கிக்குப் பயந்து, வீட்டுக்கார அம்மாள் குழாயடிச் சண்டையில் மும்முரமாக இருக்கும் நேரம் பார்த்துக் குடங்களுக்கு நடுவே நழுவுகிறான். சரி என்று வீட்டுக்கார அம்மாளையும் கூடுவாஞ்சேரிக்குக் குடிபெயர்த்தேன். அங்கே அடுக்குமாடி; குழாயடி இல்லை. சண்டை போட ஆள் இல்லாமல் அந்த அம்மாள் வாசலிலேயே நிற்கிறார். ராமசுப்பு நழுவ வழியில்லை. வாடகையைக் கட்டிவிட்டுத்தான் வெளியே வந்தான். வாடகை கட்டிய ராமசுப்புவை எனக்கே அடையாளம் தெரியவில்லை.

அடுத்து துண்டு. பழைய கட்டுரையில் பஸ் உள்ளே திரும்பும்போதே கூட ஓடி, ஜன்னல் வழியாகத் துண்டை எறிவான். அந்த இருக்கையில் ஏற்கெனவே ஒரு கைக்குட்டை, ஒரு வார இதழ், பாதி குடித்த பால்புட்டி எல்லாம் விழுந்திருக்கும். பிறகு நடக்கும் வழக்கு இருக்கிறதே, அதில்தான் நான் என் முழுத் திறமையையும் காட்டியிருந்தேன். கைக்குட்டை முதலில் வந்தது, ஆனால் சிறியது. துண்டு பிந்தி வந்தது, ஆனால் இருக்கை முழுவதையும் மூடியது. பால்புட்டிக்குப் பின்னால் ஒரு குழந்தை இருக்கிறது, அதற்குப் பின்னால் ஒரு பாட்டி இருக்கிறாள். கண்டக்டர் தீர்ப்புச் சொல்லாமல் விசிலை ஊதிவிடுவார். இப்போது ஏ.சி. பஸ்ஸில் ஜன்னல் திறக்காது. எறிந்தால் துண்டு கண்ணாடியில் பட்டுத் திரும்ப அவன் தோளுக்கே வரும். அது தவிர, இருக்கையை எல்லோரும் கைப்பேசியிலேயே பிடித்துவிடுகிறார்கள். 14-ஆம் நம்பர் என்றால் 14-ஆம் நம்பர்தான். வழக்குக்கு முகாந்திரமே இல்லை.

ரயிலுக்கு மாற்றலாமா என்றும் யோசித்தேன். 120 நாள் முன்னதாகத் திறந்துகொண்டிருந்த முன்பதிவை 2024 நவம்பரிலிருந்து 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். சரியாக அறுபதாம் நாள் காலை எட்டு மணிக்குக் கைப்பேசியை நீட்டிப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவன் ராமசுப்பு அல்ல, அவன் மச்சினன்.

தந்தி போயிற்று. 'புறப்பட்டுவிட்டேன்' என்று அம்மாவுக்கு அவன் கொடுத்த தந்தி, அவன் போய்ச் சேர்ந்து, குளித்து, லேகியம் தின்று, திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போதுதான் வரும். தந்திக்காரரைக் கண்டதும் அம்மா 'ஐயோ, ராமசுப்பு!' என்று மயங்கி விழுவாள். கையெழுத்துப் போட்டு வாங்குகிறவனே ராமசுப்பு. தந்தி சேவை 2013 ஜூலையோடு முடிந்துவிட்டது. இப்போது அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அவன் இருக்கும் இடம் புள்ளியாக நகர்வது தெரிகிறது. "விக்கிரவாண்டியில ஏண்டா இவ்வளவு நேரம் நிக்கறே? அந்த மோட்டல்ல பரோட்டா தின்னியா?" என்று நள்ளிரவில் கேட்கிறாள். மயக்கம் போடுகிற அம்மாவை வைத்து எழுதலாம். வேவு பார்க்கிற அம்மாவை வைத்துத் துப்பறியும் கதைதான் எழுதலாம்.

சில்லறையும் போயிற்று. டிக்கெட்டின் முதுகில் கண்டக்டர் கிறுக்கிக் கொடுத்த பாக்கியைக் கேட்பதா வேண்டாமா, கேட்டால் கஞ்சன் என்பாரா, இறங்கும்போது மறந்துவிடுவாரா என்று கும்பகோணம் வரை தூங்காமல் வருவான். அதனால்தான் பக்கத்து இருக்கைக்காரர் தோளில் தலை சாய்த்ததும், ஜொள்ளு விட்டதும், பண்ருட்டியில் ஏறிய பலாப்பழமும் அவன் கண்ணில் படும். 25 பைசா நாணயம் 2011 ஜூன் மாதத்தோடு செல்லாது என்றாகிவிட்டது. மற்றதையும் முன்பதிவே விழுங்கிவிட்டது. பாக்கி இல்லாத ராமசுப்பு செங்கல்பட்டு தாண்டுமுன் தூங்கிப்போகிறான். நாயகன் தூங்கினால் கட்டுரையை யார் பார்ப்பது?

இதையெல்லாம் சொன்னால் தம்பி, "காலத்துக்கு ஏத்த மாதிரி மாறணும்ல சார்" என்கிறார். ஏன் மாற வேண்டும்? 'கர்ணன்' 1964-இல் வந்த படம். 2012-இல் துலக்கித் திரும்ப வெளியிட்டார்கள், கூட்டம் அலைமோதியது. படச்சுருளையும் ஒலியையும்தான் துலக்கினார்கள். கவச குண்டலத்தைக் கழற்றிவிட்டு ஹெல்மெட் மாட்டவில்லை. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கி வார இதழில் வந்த தொடர். அதே இதழிலேயே திரும்பத் திரும்பத் தொடராக வந்தது. நாட்டுடைமை ஆனபின் புத்தகக் காட்சியில் கடைக்குக் கடை செங்கல் மாதிரி அடுக்கி வைத்தார்கள். 2022-இலும் 2023-இலும் படமாக வந்தது. வந்தியத்தேவன் இன்றைக்கும் ஆடிப்பெருக்கன்று வீராணத்து ஏரிக்கரையில் குதிரையில்தான் வருகிறான். ஏரித் தண்ணீர் இப்போது குழாய் வழியாகச் சென்னைக்குக் குடிக்கப் போகிறதே, அதைப் பற்றி ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள் என்று யாரும் கல்கியைக் கேட்கவில்லை.

அந்தத் தொடர்களுக்கு அப்போது புது வாசகர்கள் எப்படி வந்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? வாராவாரம் பக்கத்தைக் கிழித்துச் சேர்த்து, பசையும் நூலும் போட்டு, காலிகோ அட்டையில் பைண்டு செய்து பரணில் வைத்தார்கள். கோடை விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் ஏணி போட்டு இறக்கினார்கள். மணியம் வரைந்த படத்தின் மறுபக்கத்தில் தலைவலி மாத்திரை விளம்பரம் இருக்கும், பாதி வெட்டுப்பட்ட ஒரு மாமியார் ஜோக் இருக்கும். எங்கள் வீட்டுத் தொகுதியில் முக்கியமான இடத்தில் ஓர் அத்தியாயம் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் அந்த வார இதழை இரவல் வாங்கிப்போய்த் திருப்பித் தரவே இல்லை. அதனாலேயே நாங்கள் அந்த அத்தியாயத்தை ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டோம்.

பத்திரிகைகளுக்குத் தூசி தட்டவும் தெரியும், தட்டாமல் விடவும் தெரியும். மே மாதம் நாலாம் தேதி வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்கும். மோர், இளநீர், தர்பூசணி, மண்பானை. ஏப்ரல் 15 முதல் மீன்பிடித் தடைக்காலம் 61 நாள். கரையில் படகு, வலை பின்னும் மீனவர், விலை உயர்வு. அட்சய திருதியைக்கு நகைக்கடையில் கூட்டம். இந்தச் செய்திகளைக் கடைசியாகப் புதிதாக எழுதியவர் இந்நேரம் பேரன் பேத்தி எடுத்திருப்பார். தர்பூசணியைத் தொட அஞ்சுகிறவர்கள் என் ராமசுப்புவை மட்டும் கூடுவாஞ்சேரிக்குக் கடத்துகிறார்கள்.

அந்த ஒரே வழிக்கு வருகிறேன். ஆனால் தலைப்பு விவகாரம் பாக்கி இருக்கிறது.

நான் வைத்த தலைப்பு 'தீபாவளி பஸ்'. தம்பி வைத்தது: 'தீபாவளிக்கு ஊருக்குப் போறீங்களா? இந்த 7 தப்பைப் பண்ணாதீங்க!' கட்டுரையில் ஏழு தப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். "ராமசுப்பு பண்றதெல்லாம் தப்புதானே சார்" என்றார். எண்ணிப் பார்த்தால் ஏழுக்கு மேலேயே வருகிறது, அது வேறு விஷயம். தூசி தட்டுவதில் தமிழ்நாட்டிலேயே பெரியவர் உ.வே. சாமிநாதையர். ஊர் ஊராகப் போய்ச் செல்லரித்த ஏடுகளைத் தேடி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பாடபேதம் குறித்து, 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டார். ஏட்டில் இருந்ததைத்தான் போட்டார். நம் தம்பி அப்போது உடன் இருந்திருந்தால், 'எட்டுக் கல்யாணம் செய்த இளவரசர்: கடைசியில் எடுத்த அதிர்ச்சி முடிவு!' என்று அட்டையில் வந்திருக்கும். சீவகன் கடைசியில் துறவு பூண்டான் என்பது உண்மைதான். அதிர்ச்சி என்று சொன்னதும் உண்மைதான். அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

எப்படியோ எல்லாவற்றையும் திருத்தி முடித்தேன். ராமசுப்பு வாடகை கட்டினான். கூடுவாஞ்சேரியிலிருந்து நேரத்தோடு கிளம்பினான். பதிவு செய்த இருக்கையில் உட்கார்ந்தான். தூங்கினான். புள்ளியாக நகர்ந்தான். விடியற்காலையில் கும்பகோணத்தில் இறங்கினான். இரண்டு பத்தி. அனுப்பினேன்.

"சூப்பர் சார், இப்பதான் ஃப்ரெஷ்ஷா இருக்கு" என்றார் தம்பி. கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா சார், காமெடி கம்மியா இருக்கே?" என்றார்.

பதிலை வாயால் சொன்னால் உறவு கெட்டுவிடும் என்று கடிதமாக எழுதினேன். நல்ல காரசாரமான கடிதம். பழைய கட்டுரையைப் பழையபடியே போடுங்கள், முழுச் சன்மானம் அனுப்புங்கள், இல்லையேல் என்று போகும். ஒப்புதல் அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பலாம் என்று எங்கள் பேட்டைத் தபால் நிலையத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்த அம்மணி உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இப்ப அது தனியா கிடையாது சார். 2025-லயே ஸ்பீட் போஸ்ட்டோட சேர்த்தாச்சு. மேல எழுதியிருக்கறதை அடிச்சிட்டு மாத்தி எழுதிக் கொண்டுவாங்க" என்று பேனாவையும் சேர்த்து நீட்டினார்.