ஒற்றைப் பிக்கப் மான்மியம்

மின்சாரக் கிட்டார் அமெரிக்க தேசத்தில் பிறந்ததென்றும், 1931-ஆம் ஆண்டை ஒட்டி ஜார்ஜ் பீச்சம் என்பவர் குதிரைலாட வடிவக் காந்தங்களின் நடுவே கம்பிச் சுருளை இருத்தி, பிக்கப் என்னும் அதிர்வுவாங்கியாக்கி, உருவத்தால் வாணலி என்று பட்டப்பெயர் பெற்ற ஒரு வாத்தியத்தை உண்டாக்கினாரென்றும், 1937-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றாரென்றும் மேலைநாட்டுச் சரித்திரக்காரர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். அவர்கள் கூற்றில் பிழை ஏதுமில்லை. ஆனால் அவர்களில் ஒருவரேனும் தோவாளைக்குத் தெற்கே வந்து, ஓர் அம்மன் கோயில் கொடையில் உட்கார்ந்து வில்லுப்பாட்டுக் கேட்டதற்குப் பிரமாணம் இல்லை. கேட்டிருந்தால், ஒரே நாண் பூட்டிய வில்லை ஒரே குடத்தின் மேல் சாய்த்து, வீசுகோலால் நாணை அடித்து, விடியும்வரை ஊரை உறங்கவிடாமல் வைத்திருக்கும் நாஞ்சில் நாட்டுப் புலவர், அதிர்வு எத்தனை ஆனாலும் அதை வாங்கிக்கொள்ள ஒரு செவி போதும் என்ற தத்துவத்தை மின்சாரம் வருமுன்னரே ஸ்தாபித்துவிட்டதை அவர்கள் மறுக்கத் துணிந்திருக்க மாட்டார்கள். ஆகையால் இந்தச் சீமையில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஒற்றைப் பிக்கப் கிட்டார் செய்ய முற்படுகிறவன் அந்நியப் பண்டத்தைப் பிரதி செய்கிறவன் அல்லன், பாட்டன் சொத்தை மீட்கிறவன் என்பதே இவ்வியாசத்தின் பிரதிக்ஞை.

பூர்வபட்சிகள் இதை எளிதில் விடமாட்டார்கள். லண்டனை அடுத்த ஃபெல்தமில் பிரையன் மே என்ற பள்ளி மாணவரும் அவர் தந்தையாரும் 1963-இல் தொடங்கி, பழைய கணப்படுப்பின் மரச்சட்டத்தால் கழுத்தையும், மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகளால் அதிர்வுக் கருவியையும், தாயாரின் முத்துப் பொத்தான்களால் மெட்டுக் குறிகளையும் வீட்டிலேயே நிர்மாணித்த உலகப் பிரசித்தமான கிட்டாரில் பிக்கப் மூன்றல்லவா என்பார்கள். மூன்று என்பது சுசீந்திரத்துக்குப் புதிதா, தாணுவும் மாலும் அயனும் அங்கே கூடியிருக்கவில்லையா என்று ஸ்தல புராணத்தையும் துணைக்கு அழைப்பார்கள். அதற்குச் சமாதானம் அதே சந்நிதியில் இருக்கிறது: மூவரும் எழுந்தருளியிருப்பது ஒரே லிங்கத்தில். ஆறு கம்பிகளின் நாதமும் ஒரே சுருளில் ஒடுங்கவேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விதி ஏது? லௌகிகக் காரணமும் உண்டு. ஒவ்வொரு பிக்கப்பின் காந்தமும் தன் மேலே ஆடும் கம்பியைச் சிறிதேனும் பற்றி இழுப்பதால், காந்த வரிசை குறையக் குறையக் கம்பி தடையின்றி ஆடுகிறது. ஃபெண்டர் கம்பெனி 1950-இல் எஸ்கொயரையும், கிப்ஸன் கம்பெனி 1954-இல் லெஸ் பால் ஜூனியரையும் ஒற்றைப் பிக்கப்புடனேயே விற்றன. சிக்கனத்துக்காகத்தான் என்று சொல்பவர்களுக்கு, சிக்கனம் நாஞ்சில் நாட்டில் ஒரு குறையாகக் கருதப்படுவதில்லை என்று பதில் சொல்லலாம்.

மரத்தைப் பற்றி இங்கே எவருக்கும் உபதேசம் தேவையில்லை. பத்மநாபபுரத்து அரண்மனையைப் பார்த்து வளர்ந்த ஜனங்கள் மரத்தை விரலால் தட்டாமல் விலை பேசுவதில்லை. பழைய ஓட்டு வீடுகளை இடித்துக் கான்கிரீட் எழுப்பும் இக்காலத்தில், தலைமுறை கண்டு காய்ந்த பலா, அயினி, தேக்கு ஆகியவற்றின் கதவும் நிலையும் மரக்கடைகளில் சாய்ந்து கிடக்கின்றன. பலா வீணைக்கே உரிய மரமாதலால் அதற்குத் தனிச் சான்றிதழ் வேண்டியதில்லை. தேக்கு திடமானதுதான் என்றாலும், இரண்டு மணி நேரக் கச்சேரிக்குப்பின் தோள்பட்டை அதன் மகிமையை வேறுவிதமாக உணரும். ஆகவே ஒன்றேமுக்கால் அங்குலக் கனத்தில் அயினிப் பலகையும், விரல் ஓடும் பட்டைக்கு ஈட்டியும் உத்தமம்.

இனி அளவு. ஃபெண்டர் ஏற்படுத்திய கம்பி நீளம் இருபத்தைந்தரை அங்குலம், அதாவது 648 மில்லிமீட்டர். இதை நம் ஆசாரிமாரின் கோலில், 72 சென்டிமீட்டருக்கு 24 விரல் என்று வைத்துக் கணக்கிட்டால், 21 விரலும் ஏறத்தாழ 5 யவமும் வருகிறது. வாஸ்து சாஸ்திரத்தின் யோனிக் கணக்குப்படி இருபத்தொன்றை மூன்றால் பெருக்கி எட்டால் வகுக்க மிச்சம் ஏழு. ஏழு கஜயோனி, சுபம். கலிபோர்னியாவில் ரேடியோ ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த லியோ ஃபெண்டர் எந்த மூத்தாசாரியைக் கலந்துகொண்டு இந்த அளவுக்கு வந்தார் என்பது தனி ஆராய்ச்சிக்குரியது. (மேற்படி 5 யவம் கணக்கில் எங்கே போயிற்று என்று கேட்பது பண்புடைய வாசகருக்கு அழகல்ல.) மெட்டுக்களைப் பதிக்கும்போது மாத்திரம் சாஸ்திரத்தை ஒதுக்கிவிட்டுக் கணிதத்தை நம்பவேண்டும்: முழு நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் முதல் மெட்டின் தூரம், 36.4 மில்லிமீட்டர், எஞ்சிய நீளத்தை மீண்டும் அதே எண்ணால் வகுத்தால் அடுத்தது. இப்படியே போக, பன்னிரண்டாவது மெட்டு மிகச் சரியாகப் பாதியில், 324-இல் வந்து நிற்கவேண்டும். நிற்கவில்லையானால் பலகையை அடுக்களை அலமாரிக்குத் தட்டாக்கிவிட்டு வேறு பலகை தேடுவது நலம். மெட்டுப் பிசகிய வாத்தியத்தைச் சுருதி சேர்ப்பது மனிதப் பிரயத்தனத்துக்கு அப்பாற்பட்டது.

சுருளே இவ்வாத்தியத்தின் ஆத்மா. காந்தத்தால் காந்தமேறிய இரும்புக் கம்பி சுருளின் அருகே அதிரும்போது சுருளில் மின்சாரம் பிறக்கும் என்பது 1831-இல் ஃபாரடே கண்ட நியதி. அக்காந்தத்தைத் தேடி அலைவானேன், மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலேயே அதன் மூலப்பொருள் கிடக்கிறதே என்று ஸ்வதேசாபிமானிகள் கேட்பார்கள். உண்மைதான்: 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய ரசாயனி திருவிதாங்கூர்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டு இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தார், அந்த மோனசைட்டில் நியோடிமியமும் அடக்கம். ஆனால் நியோடிமியக் காந்தம் பலம் மிகுதியாலேயே தகுதியிழக்கிறது. கம்பியை அது பற்றிக்கொண்டால் சுருதி தள்ளாடும். எனவே அலுமினியமும் நிக்கலும் கோபால்ட்டும் கலந்த அல்நிகோவையே வருவிக்கவேண்டியிருக்கிறது.

கம்பி வாங்க மோட்டார் வைண்டிங் கடைக்குப் போகிறவருக்கு ஓர் எச்சரிக்கை. அமெரிக்க நூல்கள் 42-ஆம் நம்பர் எனாமல் ஒயர் என்று எழுதியிருப்பதை நம்பி அதே நம்பரைக் கேட்டால், நம் கடைக்காரர் பிரிட்டிஷ் அளவில் 42-ஐ எடுத்துக் கொடுப்பார். அது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம், நம் காரியத்துக்குத் தடி. வேண்டியது 0.06 மில்லிமீட்டரை ஒட்டியது, பிரிட்டிஷ் அளவில் 46. தலைமயிரோடு போட்டியிடும் இக்கம்பியை, தையல் மிஷினில் பாபினுக்கு நூல் சுற்றும் சக்கரத்தின் உதவியால், ஏழாயிரத்திலிருந்து எட்டாயிரம் சுற்றுவரை சுற்றவேண்டும். ஒரு கிலோமீட்டருக்குக் குறையாத கம்பி உள்ளே போய்விடும். மீட்டர் வைத்துப் பார்த்தால் ஆறு, ஏழு கிலோ ஓம் காட்டும். ஒன்றும் காட்டாவிட்டால் எங்கோ அறுந்திருக்கிறது. எங்கே என்று தேடுவது வீண். காற்றாடியை நிறுத்தாமல் சுற்றியவர்களே இத்துக்கத்துக்குப் பெரிதும் ஆளாகிறார்கள். சுற்றி முடித்த சுருளை உருக்கிய மெழுகில் முக்கியெடுத்தால் சத்தம் கூட்டும்போது கீச்சிடாது. மெழுகு கோட்டாறு சவேரியார் கோயில் பக்கத்தில் தாராளமாகக் கிடைக்கும். அதை நேரே அடுப்பில் வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து உருக்குவது வீடு தீப்பற்றாமல் இருக்க உதவும்.

இணைப்பு விஷயத்தில் ஒற்றைக் கொள்கையின் மேன்மை விளங்குகிறது. தேர்ந்தெடுக்க இரண்டாவது பிக்கப் இல்லாததால் ஸ்விட்சும் இல்லை. சுருளின் ஒரு முனை 250 கிலோ ஓம் வால்யூம் கன்ட்ரோலின் ஓரக் காலுக்கு, நடுக்கால் ஜாக்கின் நுனிக்கு, மூன்றாவது கால் கன்ட்ரோலின் முதுகுக்கு. சுருளின் மறுமுனையும், பிரிட்ஜிலிருந்து வரும் ஒயரும், ஜாக்கின் எர்த்தும் அதே முதுகுக்கு. டோன் வேண்டுமென்று ஆசைப்படுகிறவர் இன்னொரு கன்ட்ரோலும் 473 என்று அச்சிட்ட கண்டென்சரும் சேர்த்துக்கொள்ளலாம். எட்டி வான் ஹேலன் என்ற கிட்டார் வித்வான் தாமே கூட்டிச் செய்த கிட்டாரில் சத்தத்துக்கு ஒரே குமிழ் வைத்து, அதன் தலையில் டோன் என்று எழுதியிருந்த மூடியைப் பொருத்தியிருந்தார். இந்த அலட்சியம் ஞானிகளுக்கே கைகூடும்.

ஆயினும் ஒற்றைச் சுருள் முனகும். சுவருக்குள் ஓடும் ஒயர்களிலிருந்து விநாடிக்கு ஐம்பது முறை துடிக்கும் மின்சாரத்தின் நாதத்தை அது பிடித்துத் தருகிறது. ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் நுழைந்து, முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றி, மின்சாரமாகப் புனர்ஜன்மம் எடுத்த காற்றே ஒலிபெருக்கியில் வந்து முனகுகிறது என்று எண்ணிப் பார்த்தால் இதைத் தோஷமென்று சொல்ல மனம் வராது. 1955-இல் கிப்ஸன் கம்பெனியின் ஸெத் லவர் இரண்டு சுருள்களை எதிரெதிராகச் சுற்றி இம்முனகலை அடக்கினார். அது துவைதம், நமக்குச் சம்மதமன்று. ஆறாவது கம்பியின் மூன்றாவது மெட்டு 98 அதிர்வு, முனகலின் இரட்டிப்போ 100. கிட்டாரை ஒரு மெட்டு இடைவெளியில் மூன்றிலொரு பங்கு ஏற்றிச் சேர்த்துக்கொண்டால் மின்சாரமே தம்பூராவாகி, சுருதிப்பெட்டிச் செலவு மிச்சமாகும். கம்பியில் கை வைத்ததும் முனகல் குறைந்தால் எர்த் சரியாக இருக்கிறதென்று அர்த்தம். பிளக்கைக் கழற்றி எறிந்துவிட்டு, இரண்டு ஒயர் நுனிகளைத் தீக்குச்சி செருகிச் சுவர்த் துளைகளில் நிறுத்தும் மைக் செட் சம்பிரதாயத்தை ஆம்ப்ளிஃபயருக்கு அனுசரிப்பவர் மாத்திரம், கம்பியில் கை வைக்குமுன் தம் சொத்துக்களுக்கு ஏற்பாடு செய்துகொள்வது உசிதம்.

சொத்து என்றதும் கடைசி வினா எழுகிறது. கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை தம் மான்மியத்தில் எள்ளி நகையாடிய, மாமன் சொத்தைச் சகோதரியின் புதல்வனுக்குத் தரும் மருமக்கள் வழித் தாயம் சட்டத்தால் ஒழிந்து நெடுங்காலமாயிற்று. தகப்பன் பொருள் பிள்ளைகளுக்கே என்பதில் இன்று எந்தக் கோர்ட்டிலும் சந்தேகமில்லை. ஆயினும் வீட்டில் செய்த கிட்டார் இச்சட்டத்துக்குக் கட்டுப்படுவதாகக் காணோம். மகன் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, பரீட்சை லீவுக்கு வரும் சகோதரியின் புதல்வனோ, "மாமா, இதை நான் கொண்டு போகட்டா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல், மிச்சமிருந்த ஒயர்ச் சுருளையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வடசேரியில் பஸ் ஏறிவிடுகிறான்.