மேல கறுப்பு, கீழ வெளுப்பு

பேராண்டி, பதுளை பஜார்ல புதுக் கூலிங் கிளாஸ் வாங்கியிருக்கியாமே. எங்க, இப்படித் திரும்பு. மேல கன்னங்கரேல்னு இருக்கு, கீழ வரவர வெளுத்துப் போகுது. சாயம் பத்தாம கடைக்காரன் ஏமாத்திட்டான்னு உங்கம்மா காலையிலயிருந்து பொலம்புறா. அவளுக்குத் தெரியாது, இது 'கிரேடியன்ட்' கண்ணாடி. பிளாஸ்டிக் வில்லையைச் சூடான சாயத் தண்ணியில முக்கி மெல்ல மெல்லத் தூக்குவாங்க. ரொம்ப நேரம் உள்ள கிடந்த பக்கம் கறுத்துப் போகும், சீக்கிரம் வெளிய வந்த பக்கம் தப்பிச்சுக்கும். மலையிலயே கிடக்கிற உங்கப்பனையும் சின்ன வயசுலயே கொழும்புக் கடைக்கு வேலைக்கு ஓடுன உன் சித்தப்பனையும் பக்கத்துப் பக்கத்துல நிக்க வச்சுப் பாரு, விளங்கிரும்.

ஏரோப்பிளேன் ஓட்டுறவனுக்குத் தோதான சாமான் இது. நிமிர்ந்து பார்த்தா வானத்து வெளிச்சம் குத்தாது, குனிஞ்சா முன்னால இருக்கிற மீட்டரெல்லாம் பளிச்சுன்னு தெரியும். உன்கிட்ட ஏரோப்பிளேன் இல்ல, த்ரீவீல்தான் இருக்கு. அதுவும் லீசிங் கம்பனிக்காரனோடது. ஆனாலும் உனக்கு இது தேவைதான்யா. காலையில பசறைக்கு ஹயர் போனா வெயில் முகத்துல, பின்னேரம் பதுளைக்குத் திரும்புனா அப்பவும் வெயில் முகத்துலதான். ஒரு வளைவுல சூரியன் கண்ணுக்குள்ள பாயும், அடுத்த வளைவுல மலை மறைச்சு ஒரே இருட்டாக்கிரும். முழுக் கறுப்புக் கண்ணாடி போட்டவன் அந்த இருட்டுல பள்ளத்தைப் பார்க்கவா, எதிர வர்ற பஸ்ஸைப் பார்க்கவா? உன்னோடதுல தலையைக் கொஞ்சம் தாழ்த்துனா மேல்கறுப்பு சூரியனை மறைக்கும், நிமிர்ந்தா வெளுத்த பக்கம் வழியாப் பாதை தெரியும். எப்ப தலையைத் தாழ்த்தணும், எப்ப நிமிரணும்ங்கிற வித்தையைத் தோட்டத்துக்காரனுக்குக் கண்ணாடிக்கடைக்காரனா படிச்சுக் குடுக்கணும்?

கறுப்பா இருந்தாப் போதும்னு மட்டும் நெனச்சுராத. கண்ணைக் கெடுக்கிறது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக்கதிரு. அதைத் தடுக்கிறது வேற சரக்கு, சாயத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. 'யூவி 400'னு போட்டிருக்கான்னு பாரு. ஸ்டிக்கரை யாரும் ஒட்டலாம், அதனால கண்ணாடிக்கடை மெசின்ல வச்சுக் காட்டச் சொல்லு. அந்தத் தடுப்பு இல்லாத கறுப்புக் கண்ணாடி வெறுங்கண்ணை விட மோசம்யா. இருட்டுன்னு நம்பிக் கண்மணி அகலமா விரியும், கதிரு தாராளமா உள்ள போகும். காவக்காரனைத் தூங்க வச்சுட்டுக் கதவைத் தொறந்து விட்ட கதைதான்.

ஆயிரம் மீட்டர் மேல ஏறுனா அந்தக் கதிரு பத்து வீதமாவது கூடும். அப்புத்தளை 4,500 அடிக்கு மேல இருக்கு, கணக்குப் போட்டுக்க. ஆடி ஆவணியில மேக்குப் பக்கத்து மழையெல்லாம் நுவரெலியா மலையிலயே கொட்டித் தீர்ந்துரும், ஈரமில்லாத காத்து மட்டும் மலை தாண்டி ஊவாவுக்குள்ள இறங்கும். அந்தக் காத்துலதான் ஊவாத் தேயிலைக்கு அந்த வாசமே வருது. ஏலத்துல நல்ல வெலையும் வருது. அது யார் வீட்டுக்குப் போகுதுன்னு கேக்காத. நம்ம பங்குக்கு வெயிலும் கண்ணெரிச்சலும் வருது. வருசக்கணக்கா வெயில்ல நிக்கிறவங்களுக்குக் கண்ணுல சதை வளருறதும் புரை விழுறதும் இதனாலயும்தான்.

ஆனா பாரு, நாள் முழுக்க மலையில நிக்கிறவ உங்கம்மா. கண்ணாடி போட்டுக்கிட்டு ஸ்டாண்ட்ல நெழல்ல த்ரீவீலுக்குள்ள சாஞ்சு போன் பார்க்கிறது நீ. உங்கம்மாவுக்கும் இந்த ரகம் பொருந்தும்யா. வானத்து வெளிச்சத்தை மேல்பாதி தடுக்கும், குனிஞ்சு ரெண்டு எலை ஒரு மொட்டைப் பார்க்க கீழ்ப்பாதி விடும். கலர் மட்டும் சாம்பலா இருக்கட்டும். நீலமும் ரோஸும் கேட்டு வாங்குனா இளங்கொழுந்தும் கரட்டெலையும் ஒண்ணாத் தெரியும், அப்புறம் கங்காணி வாயில விழணும். கூடவே விளிம்பு அகலமான தொப்பியும் வேணும், பக்கவாட்டுல வர்ற வெளிச்சத்தைக் கண்ணாடி தடுக்காது.

மழை விட்டதும் தார் ரோட்டுலயிருந்து மேல எழும்பி அடிக்கிற பளபளப்புக்கு உன் கண்ணாடி உதவாது. கீழ்ப்பாதிதான் வெளுத்துக் கிடக்கே! அதுக்குப் 'போலரைஸ்ட்'னு வேற ரகம் இருக்கு. ராத்திரியில எந்த ரகத்தையும் போட்டுக்கிட்டு வண்டி ஓட்டாத. எம்.ஜி.ஆர். ராத்திரியிலயும் போட்டிருந்தாரேன்னு எங்கிட்ட வாதாடாத. அவர் நம்ம நாவலப்பிட்டியில பொறந்தவருதான், ஆனா பசறை ரோட்டுல த்ரீவீல் ஓட்டல.

அடுத்த ஹயர்க் காசுல உங்கம்மாவுக்கு ஒண்ணு வாங்கிக் குடு. தாத்தா பாதி போடுவாரான்னா கேக்குற? எங்க, உன் கண்ணாடியைக் கொஞ்சம் குடு பார்ப்போம். அட, மேல்பாதி வழியாப் பார்த்தா நீ நிக்கிறதே தெரியலையே!