கரடுமுரடுப் பூச்சும் கைமாறும் விலையும்: ஓர் ஆய்வு முயற்சி

ஜீப் ரேங்ளருக்கு மேற்பூச்சு அடிப்பவர்களை இரண்டு இனமாகப் பிரிக்கலாம். கீறல் விழக் கூடாது என்று அடிப்பவர்கள் ஓர் இனம். விழுந்த கீறலை மறைக்க அடிப்பவர்கள் இன்னோர் இனம். வண்டியை விற்க வரும்போது இரு இனத்தாரும் ஒரே வாசகத்தைத்தான் சொல்கிறார்கள்: "பாதுகாப்புக்காக அடித்தது." அந்த வாசகம் எத்தனை டாலர் பெறும் என்பதே இவ்வாய்வின் பொருள்.

களம் அமெரிக்கா. அங்கே யூட்டா மாநிலத்து மோவாப் பாறைகளில் 1967 முதல் ஈஸ்டரை ஒட்டி ஜீப்காரர்கள் கூடுகிறார்கள். பாலைப் புதர்கள் கதவில் இழுத்துவிடும் நீளக் கோடுகளுக்கு "அரிசோனா பின்ஸ்ட்ரைப்" என்று செல்லப்பெயர் வேறு. மற்ற கார்களில் காயமாக இருப்பது இங்கே விழுப்புண். வண்டியும் விலை நிற்கிற வண்டிதான். ஐசீகார்ஸ் நிறுவனம் 2021-இல் போட்ட கணக்கில், ஐந்தாண்டில் எல்லா வண்டிகளும் சராசரியாக 40.1 சதவீத மதிப்பை இழந்தபோது ரேங்ளர் இழந்தது 9.2 தான். இப்பேர்ப்பட்ட சொத்தின் மீதுதான் உரிமையாளர் ஒரு சனிக்கிழமை காலையில் ஸ்ப்ரே கன்னோடு பாய்கிறார்.

நிறத்தைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. அதே நிறுவனத்தின் 2023 ஆய்வில், மூன்றாண்டில் சராசரி இழப்பு 22.5 சதவீதம், மஞ்சள் வண்டிகளுக்கு 13.5. இதைப் படித்துவிட்டு மஞ்சள் டப்பா வாங்க ஓடுவோருக்கு ஓர் எச்சரிக்கை: அது ஆலையிலேயே அடித்த மஞ்சள். ஜீப்காரர்களுக்கு ஹெல்லயெல்லா என்றொரு மஞ்சள், மொஹீட்டோ என்றொரு பச்சை எல்லாம் ஆலையிலிருந்தே வந்தன. 2021-இல் வந்த டஸ்கடேரோ என்ற அடர் இளஞ்சிவப்புக்கு 30,000-க்கும் மேல் ஆர்டர் குவிந்தது. வீட்டுக் கொட்டகை மஞ்சளின் கதை வேறு. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் ஒரு ஸ்டிக்கரில் ஆலை நிறத்தின் குறியீடு இருக்கும். பிடபிள்யூ7 என்றால் வெள்ளை. ஸ்டிக்கர் வெள்ளை என்கிறது, வண்டி மஞ்சள் என்கிறது. வாங்க வந்தவர் எதை நம்புவார்?

இனி தலையாய பூச்சுக்கு வருவோம். பிக்கப் லாரியின் பின்தொட்டியில் சாமான் உரசாமலிருக்க வந்த யூரிதேன் பூச்சு, மெல்ல ஏறி வண்டி முழுவதையும் பிடித்துக்கொண்டது. ராப்டர் என்ற வகையில், முக்கால் லிட்டர் உள்ள புட்டியில் கடினமாக்கியை ஒரு லிட்டர் வரை நிரப்பி, நன்றாகக் குலுக்கி, புட்டியையே துப்பாக்கியில் திருகி அடிக்க வேண்டும். காற்றழுத்தத்தையும் தூரத்தையும் பொறுத்துச் சொரசொரப்பு மாறும். காலையில் அடித்த கதவும் கை சலித்த பிறகு அடித்த கதவும் ஒரே வண்டியின் கதவுகளாக இராது.

இவ்வகைப் பூச்சின் வலிமைக்குச் சான்று ஆஸ்திரேலியாவிலிருந்து கிடைக்கிறது. ஹவ் ரிடிக்யுலஸ் என்ற யூடியூப் குழுவினர் லைன்-எக்ஸ் பூசிய தர்பூசணியை 45 மீட்டர் கோபுரத்திலிருந்து போட்டார்கள். அது உடையவில்லை, துள்ளியது. ஆனால் உள்ளே பழம் என்ன ஆனது என்பதைத் தோலைப் பார்த்துச் சொல்ல முடியாது. பழைய ஜீப் வாங்கப் போகிறவரின் தொல்லை முழுவதும் இதுதான்.

அவரிடம் இருக்கும் கருவிகளும் கைவிடுகின்றன. ஆலைப் பெயின்ட் ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரான் இருக்கும். தடிமன் அளக்கும் மீட்டர் அதைவிடக் கூடுதலாகக் காட்டினால் பட்டி பார்த்த வண்டி என்று பிடித்துவிடலாம். பூச்சு அடித்த வண்டியிலோ எங்கே வைத்தாலும் கூடுதல்தான். சரி, பழைய காந்த வித்தை? 2018 மாடல் முதல் ரேங்ளரின் கதவும் பானட்டும் அலுமினியம். காந்தம் நல்ல கதவிலும் ஒட்டாது. மிஞ்சுவது வெளியே துருத்திய கதவுக் கீல்கள். அவற்றின் திருகுகளைச் சுற்றிப் பூச்சு உடைந்திருந்தால், அடித்த பிறகு கதவைக் கழற்றியிருக்கிறார்கள் என்பதாவது தெரியும்.

ஆக, விலையை இறக்குவது சொரசொரப்பைவிடச் சந்தேகம்தான் என்று கருத இடமிருக்கிறது. பழைய வண்டியை மாற்றுக்கு எடுக்கும் வியாபாரி, பூச்சைச் சுரண்டி மறுபடி பெயின்ட் அடிக்கும் செலவை மனதுக்குள் கழித்துக்கொண்டுதான் வாயைத் திறப்பார். காட்டுப்பாதைக்கென்றே வண்டி தேடுகிறவர் அப்படியல்ல. ஆனால் அவரும் பூச்சுக்கு முன் எடுத்த படங்களைக் கேட்பார். கதவுக்குக் கீழே கல் தெறிக்கிற விளிம்பில் மட்டும் அடித்திருந்தால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

உரித்தெடுக்கும் வகையினர் பிழைத்தார்கள். 1972-இல் கருவிப் பிடிகளை முக்கி எடுக்கப் பிறந்த பிளாஸ்டி டிப் ஆகட்டும், 90 மைக்ரான் அளவிலான வினைல் உறை ஆகட்டும், விற்கும் முன் உரித்துவிட்டால் பழைய பெயின்ட் பத்திரம். வெயிலில் பல ஆண்டு வெந்த வினைல் மட்டும் துண்டு துண்டாகத்தான் வரும்.

இந்தியாவில் மஹிந்திரா தார் ஜீப் வைத்திருப்போருக்குக் கூடுதலாக ஒரு காகிதச் சிக்கல். நிறம் ஆர்.சி. என்ற பதிவுச் சான்றிதழில் இருக்கிறது; மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிய வேண்டும். ராணுவ ஜீப் மோகத்தில் ஆலிவ் பச்சை அடிக்கவே முடியாது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121-வது விதி அந்த நிறத்தைப் பாதுகாப்புத் துறைக்கே எழுதிவைத்துவிட்டது. நம்மூர் புரோக்கரோ இந்த ஆய்வு எதையும் படிக்காமலே, "கம்பெனி பெயின்ட், சிங்கிள் ஓனர்" என்று சொல்லி ஐம்பதாயிரம் ஏற்றிக் கேட்கிறார்.