லிங்க் போட்டாச்சு, பாடம் முடிஞ்சாச்சு

நெட், செட், பிஎச்.டி. என்று எல்லாப் படியும் ஏறி, ஒருவழியாகக் கலை அறிவியல் கல்லூரியில் வணிகவியல் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்துவிட்டீர்கள். பாடம் நடத்த உங்களுக்குத் தெரியும் என்றே வைத்துக்கொள்வோம். தெரியாவிட்டாலும் இப்போதைக்கு யாரும் கேட்கப்போவதில்லை. இணையத்தின் துணையோடு நடத்தினீர்களா, அதற்கு ஆதாரம் எங்கே என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு முதல் வாரத்திலிருந்தே தயாராவது நல்லது.

முதல் வேலை, இடமும் நேரமும் பதியும் கேமரா செயலி ஒன்றைக் கைபேசியில் இறக்கிக்கொள்வது. தர மதிப்பீட்டுக்கு வரும் நாக் குழு ஏழு அளவுகோல்களை வைத்துக் கல்லூரியை எடைபோட்டு வந்திருக்கிறது. இரண்டாவது அளவுகோல் கற்பித்தல், கற்றல், மதிப்பீடு. ஆசிரியர்கள் தகவல் தொழில்நுட்பக் கருவிகளைப் பயன்படுத்துகிறார்களா என்ற கேள்வி அங்கேதான் வரும். ஆகவே ப்ரொஜெக்டர் எரிய வேண்டும், திரையில் ஏதாவது ஒரு வரைபடம் தெரிய வேண்டும், நீங்கள் அதைக் கைநீட்டிக் காட்ட வேண்டும், முன்வரிசைப் பிள்ளைகள் கேமராவைப் பார்க்காமல் திரையைப் பார்க்க வேண்டும். அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, நிமிடம் எல்லாம் படத்தின் அடியில் வந்துவிடும். பாடம் பூமியின் எந்தப் புள்ளியில் நடந்தது என்பதில் இனி யாருக்கும் சந்தேகம் வராது. நடந்ததா என்பது வேறு விஷயம். படம் எடுத்த கையோடு எச்.டி.எம்.ஐ. கேபிளைக் கழற்றி அட்டெண்டரிடம் கொடுத்துவிடுங்கள். துறைக்கு ஒரே கேபிள். பக்கத்து வகுப்பிலும் படம் எடுக்க வேண்டும்.

அடுத்து வாட்ஸ்அப் குரூப். அட்மின் மட்டுமே எழுதலாம் என்று முதல் நாளே பூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் பிள்ளைகள் சந்தேகம் கேட்பார்கள். இரவு பத்து மணிக்கு மேல் 'யூனிட் 3 ஃபைனல் நியூ' என்ற பெயரில் கனமான பி.டி.எஃப். ஒன்றை அனுப்புங்கள். யாரோ எப்போதோ கைபேசியில் படமெடுத்த புத்தகப் பக்கங்களாக இருந்தால் உத்தமம். பக்கம் சாய்ந்திருக்கும், ஓரத்தில் எடுத்தவரின் கட்டைவிரல் தெரியும். தமிழ்வழிப் பிரிவுக்கு என்றால் பழைய பாமினி எழுத்துருவில் அடித்த வேர்டு கோப்பை அப்படியே தட்டிவிடுங்கள். பிள்ளைகளின் கைபேசியில் அது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் திறக்கும். யுனிகோடுக்கு மாற்ற இணையத்திலேயே இலவச மாற்றி இருக்கிறது, ஒட்டினால் அடுத்த நொடி மாறிவிடும் என்று உங்களிடம் யாராவது சொல்லலாம். காதில் வாங்காதீர்கள். யுனிகோடில் இருந்தால் மாணவன் 'தேய்மானம்' என்று தேடி நேரே அந்தப் பத்திக்குப் போய்விடுவான். கண் தெரியாத மாணவிக்குக் கைபேசியே வாசித்துக் காட்டிவிடும். அப்புறம் அவர்கள் எதற்கு உங்களிடம் வரப்போகிறார்கள்?

நேரலை வகுப்புக்கு வருவோம். ஜூமின் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் கதவைச் சாத்திவிடும் என்பது ஆசிரியர் சமூகத்துக்குக் கிடைத்த வரம். முதல் பத்து நிமிடம் 'என் குரல் கேக்குதா?', அடுத்த பத்து நிமிடம் அட்டெண்டன்ஸ், 'ஸ்க்ரீன் தெரியுதா?' என்று ஒரு ஐந்து நிமிடம். மிச்சத்தில் முன்னுரை சொல்லலாம். வருகைப் பட்டியலில் மாணவர் பெயரைத் தேடி ஏமாறாதீர்கள். 'ஓப்போ', 'ரெட்மி', 'அப்பா ஜியோ' என்றுதான் வந்திருப்பார்கள். ஒரு மைக்கில் குக்கர் விசிலடிக்கும், இன்னொன்றில் கண்டக்டர் 'உள்ள போங்க, உள்ள போங்க' என்பார். எல்லோரையும் மியூட் செய்தபின் விழுகிற அமைதியைக் கவனம் என்று அறிக்கையில் எழுதிக்கொள்ளலாம். கரோனா காலத்தில், 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை, தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்கு நாளுக்கு 2 ஜிபி டேட்டாவை இலவசமாகவே கொடுத்தது. டேட்டா வந்தது, டவர்தான் வரவில்லை. தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்று வகுப்பைக் கேட்ட பிள்ளைகள் அன்று செய்தியில் வந்தார்கள். அதே பாடத்தை ஆறு நிமிட ஒலிப்பதிவாக அனுப்பியிருந்தால் கீழே இறங்கி வந்து கேட்டிருப்பார்கள். ஆனால் ஒலிப்பதிவில் 'ப்ரெசென்ட் சார்' சொல்ல முடியாதே.

கல்லூரி சர்வரில் மூடுல் என்ற இணையவழிக் கற்றல் மென்பொருள் இருந்தால் அதிர்ஷ்டசாலி நீங்கள். 2002-இல் அதன் முதல் பதிப்பை வெளியிட்டவர் மார்ட்டின் டௌகியமாஸ் என்ற ஆஸ்திரேலியர். பாலைவனப் பகுதியில் வளர்ந்தவர். சிறு வயதில் அவருக்குப் பள்ளிக்கூடமே சிற்றலை வானொலியில்தான். தூரத்தில் இருக்கிறவர்கள் ஒருவரோடொருவர் பேசி, எழுதி, திருத்திக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அந்த மனிதர் உருவாக்கிய மென்பொருளை நாம் பி.டி.எஃப். குடோனாக வைத்திருக்கிறோம். அந்த மரபைக் கெடுக்க வேண்டாம். பாஸ்வேர்டை மறந்துவிட்டதாகச் சொல்கிற மாணவரை லேப் அசிஸ்டென்டிடம் அனுப்புங்கள். அவர் உங்களிடமே திருப்பி அனுப்புவார். அதற்குள் செமஸ்டர் முடிந்துவிடும்.

என்.பி.டி.இ.எல்., ஸ்வயம் இரண்டையும் விட்டுவிடக் கூடாது. ஐ.ஐ.டி.களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யும் சேர்ந்து நடத்தும் இணைய வகுப்புத் திட்டம் முன்னது. அதன் வகுப்புகளும் மற்ற பல்கலைக்கழகங்களின் பாடங்களும் 2017-இல் தொடங்கிய ஸ்வயம் தளத்தில் கிடைக்கின்றன. யுஜிசியின் 2021 விதிமுறைப்படி ஒரு பருவத்தின் 40 சதவீதக் கிரெடிட் வரை ஸ்வயம் பாடங்களிலிருந்தே எடுக்கலாம். என்.பி.டி.இ.எல். சான்றிதழ் வேண்டுமென்றால் வாராந்திர அசைன்மென்டுக்கு 25, நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. பன்னிரண்டு வாரப் பாடத்தில் சிறந்த எட்டு அசைன்மென்டைத்தான் கணக்கில் எடுப்பார்கள் என்பதால் நாலு வாரம் தூங்கலாம். மீதி எட்டுக்கும் விடை டெலிகிராமில் வந்துவிடும். நீங்கள் மென்டராகப் பெயர் கொடுத்தால் உங்களுக்கும் ஒரு சான்றிதழ் வர வாய்ப்புண்டு. ஸ்வயம் பாடம் ஒவ்வொன்றும் காணொலி, வாசிப்பு, சுயமதிப்பீடு, விவாதம் என்று நாலு பகுதியாக வடிவமைக்கப்பட்டது. நாலாவது பகுதியில் போய்ப் பாருங்கள், நாடெங்கும் இருந்து கூடிய இளைஞர்கள் 'சர்டிபிகேட் எப்ப வரும்?' என்று விவாதித்துக்கொண்டிருப்பார்கள்.

சான்றிதழ் என்றதும் நினைவுக்கு வருகிறது, துறை சார்பில் இணையவழி வினாடி வினா ஒன்றை நடத்தியே ஆக வேண்டும். கூகுள் ஃபார்மில் 25 கேள்வி, 60 சதவீதம் எடுத்தால் மின்சான்றிதழ் தானாக மடலில் போய்விடும். கேள்வி கடினமாக இருக்கக் கூடாது, 'ஜி.எஸ்.டி. என்பதன் விரிவாக்கம் என்ன?' என்ற அளவில் போதும். சாதாரண ஜிமெயில் கணக்கிலிருந்து இப்படித் தானாகப் போகும் மடல்களுக்கு நாளொன்றுக்கு 100 பேர் என்று வரம்பு இருக்கிறது. நூற்றோராவது ஆளிலிருந்து ஆரம்பித்து, சான்றிதழ் வராதவர்கள் எல்லோரும் உங்கள் எண்ணுக்கு அழைப்பார்கள். எடுக்காதீர்கள். பல மாநிலத்தவர் பங்கேற்றார்கள் என்று மறக்காமல் எழுதுங்கள். ராஞ்சியிலிருந்து ஒருவர் நிச்சயம் எழுதியிருப்பார்.

சாட்ஜிபிடி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கேள்வியை நீங்கள் அதனிடம் வாங்குவீர்கள், விடையை மாணவர் அதனிடம் வாங்குவார். நடுவில் ஸ்டேப்ளர் பின் மட்டும் கல்லூரிச் செலவு.

இனி எச்சரிக்கைகள். சில பழக்கங்கள் தொற்று மாதிரி பரவுகின்றன. இளம் ஆசிரியர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். அவற்றில் கொடியது வாய்ஸ் மெசேஜ். கல்லூரி ஷிஃப்ட் முடிந்ததும் ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போகிற பி.காம். பையன் ஒருவன், இரவு கடை சாத்துகிற நேரத்தில் தனியாக எழுதிக் கேட்பான்: 'சார், பேங்க் ரெகன்சிலியேஷன்ல டெபாசிட் பண்ணின செக்கை கூட்டணுமா, கழிக்கணுமா?' நீங்கள் மனசு கேட்காமல் பேசத் தொடங்குவீர்கள். 'தம்பி, செக்கை பேங்க்ல போட்ட அன்னிக்கே உன் கேஷ் புக்ல வரவு எழுதிட்ட. பேங்க் இன்னும் அதை வசூல் பண்ணல, அதனால பாஸ் புக்ல ஏறல. அப்போ யார்கிட்ட தொகை கூட இருக்கு? உன்கிட்ட. கேஷ் புக் மீதியில இருந்து பாஸ் புக்குக்குப் போகணும்னா கழிச்சாத்தானே சரியா வரும்? இப்ப நீ கொடுத்த செக்கை இன்னும் யாரும் பேங்க்ல போடலன்னா என்ன பண்ணுவேன்னு நீயே சொல்லு.' ஒன்றரை நிமிடம். பஸ்ஸில் நின்றபடியே கேட்டுவிட்டு, 'கூட்டணும் சார்' என்று அனுப்புவான்.

இதுபோலவே ஆபத்தானது, நடத்திய பாடத்தில் மூன்றே மூன்று கேள்வியை ஃபார்மில் போட்டு, எந்தத் தவறான விடையை அதிகம் பேர் தேர்ந்தெடுத்தார்கள் என்று அந்தப் பட்டை வரைபடத்தைப் பார்ப்பது. பார்த்துவிட்டால் மறுநாள் அதையே திரும்ப நடத்த வேண்டி வரும், சிலபஸ் பின்தங்கும், எச்.ஓ.டி. கூப்பிட்டு விசாரிப்பார்.

கல்லூரியின் தர உறுதிப் பிரிவான ஐ.க்யூ.ஏ.சி.யின் மேடம் 'இதுக்கெல்லாம் எவிடென்ஸ் என்ன சார்?' என்று கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது. யுஜிசியின் 2018 விதிமுறையில், பதவி உயர்வுக்கான ஆய்வு மதிப்பெண் அட்டவணையில், ஸ்வயத்தில் பார்த்த அந்த நாலு பகுதியும் கொண்ட முழு இணையவழிப் பாடம் (மூக்) தயாரித்தால் 20 மதிப்பெண், ஒரு முழுப் பாடத்துக்கு மின் உள்ளடக்கம் தயாரித்தால் 12 என்று தெளிவாகப் போட்டிருக்கிறார்கள். இரவு பத்தரை மணிக்கு அனுப்பிய ஒன்றரை நிமிடத்துக்கு அந்த அட்டவணையில் கட்டமே கிடையாது.

இவ்வளவு சொல்லியும் கேட்காமல் அனுப்பிவிட்டீர்கள் என்றால், அவன் அதை நண்பர்களுக்கு ஃபார்வர்டு செய்வான், அடுத்த செக்‌ஷன் பிள்ளைகள் வந்து 'சார், எங்க குரூப்லயும் போடுங்க' என்று நிற்பார்கள். 'அட்மினைக் கேளுங்கப்பா' என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். அந்தக் குரூப்புக்கும் நீங்கள்தான் அட்மின் என்பது அவர்களுக்கு உடனே ஞாபகம் வராது.