டூப் இல்லாத நாயகர்கள்

கேள்வி: 'கோ' படத்தில் வருகிற மாதிரி ஒரு பத்திரிகைக்காரர் எங்கள் வன்னியில் இருப்பாரா ஐயா?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: இருக்கிறார்களே! 2011இல் வந்த அந்தப் படத்தில் வங்கிக் கொள்ளையரைத் துரத்தித் துரத்திப் படமெடுப்பார் ஜீவா. இயக்குநர் கே.வி.ஆனந்த் முன்னாள் பத்திரிகைப் புகைப்படக்காரர். கமெரா பிடித்த கை பொய் சொல்லவில்லை. முல்லைத்தீவு முறிப்பில் 2020 ஒக்டோபரில், களவாக மரம் தறிப்பதைப் படமெடுக்கப் போன ஊடகவியலாளர் இருவர் தாக்கப்பட்டார்கள். எடுத்த படங்களும் அழிக்கப்பட்டன. அவர்களுக்குச் சண்டைப் பயிற்சியாளரும் இல்லை, டூப்பும் இல்லை. பட்டதெல்லாம் சொந்த அடி. ஜீவாவுக்கு அடித்த விசிலில் பாதியாவது இவர்களுக்குச் சேரவேண்டும். படமெடுக்கும் ஆசையுள்ள தம்பி தங்கச்சிமாரே, கதை தேடிச் சென்னைக்குப் போகவேண்டாம், முறிப்புக்குப் போங்கள்.