புழுக்கத்தை அளக்காத சட்டம்

சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாள்களில் யாழ்ப்பாணத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். வாடைக்காற்று அடங்கிவிடும், சோளகக்காற்று இன்னும் எழும்பியிராது. எங்கள் பழைய வீடுகள் இந்தச் சில கிழமைகளை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை என்றே நான் நம்புகிறேன்.

வலிகாமம் வடக்கில் இருந்த அம்மம்மாவின் வீடு நாற்சார் வீடு. நடுவில் முற்றம், அதைச் சுற்றி விறாந்தை, சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய தடித்த சுவர், பனை வளையும் சிலாகையும் தாங்கிய ஓட்டுக்கூரை. தாழ்ந்து இறங்கிய கூரை சுவரில் வெயில் படவிடாது. சூடான காற்று ஓட்டு இடுக்குகளாலும் முற்றத்தாலும் மேலே போய்விடும். அடுப்படி பின்பக்கம் தனியே இருந்ததால் அதன் வெக்கை அறைகளுக்குள் வராது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அப்பு விறாந்தைத் தரையில் பாய்கூடப் போடாமல் படுத்துவிடுவார். அறைகள் இருட்டுத்தான், படிக்கிற பிள்ளைகள் புத்தகத்தோடு விறாந்தைக்கு வர வேண்டும். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

போரில், 1990இல் அந்தப் பகுதிச் சனம் இடம்பெயர்ந்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு இராணுவத்திடமிருந்து காணி விடுபட்டபோது சுவர்கள் மட்டும் நின்றன. ஓடும் இல்லை, பனைமரமும் இல்லை. இந்திய வீட்டுத்திட்டத்தில் புதிதாகக் கட்ட 5½ இலட்சம் ரூபாவும் சேதமடைந்த வீட்டைத் திருத்த 2½ இலட்சமும் கொடுத்தார்கள். அது பலருக்குக் கூரை தந்தது, நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனால் அந்தக் காசில் முற்றத்தையும் பனைக்கூரையையும் மீட்க முடியாது.

அதே காணியில் இப்போது சின்னம்மாவின் மகள் வீடு கட்டியிருக்கிறாள். காசு ரொறன்ரோவில் இருக்கும் அவளுடைய தம்பியுடையது. அங்கே வாடகை வீட்டைக் குளிர்காலத்தில் குறைந்தது 21 பாகை வெப்பத்தில் வைத்திருக்க வேண்டும் என்று மாநகரச் சட்டமே சொல்கிறது. இங்கே பிரதேச சபையில் அனுமதி எடுத்தாள். வீடு கட்டுவதற்கான 1915ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது: கட்டுமுன் அனுமதி, கட்டி முடிந்தபின் குடிபுகுவதற்கான சான்றிதழ். எல்லையில் விடும் இடைவெளி பார்த்தார்கள், மலக்குழிக்கும் கிணற்றுக்கும் உள்ள தூரம் பார்த்தார்கள். சுண்ணாம்புக் கல்லில் ஊறும் தண்ணீரைத்தான் குடிக்கிறோம். அந்தத் தூரத்தை எத்தனை தடவை அளந்தாலும் தகும். கூரை எவ்வளவு சூட்டை உள்ளே இறக்கும் என்று கேட்க விண்ணப்பத்தில் ஒரு வரி இல்லை. வீட்டில் எல்லாம் சட்டப்படி இருக்கிறது; சித்திரையில் இரவு பத்து மணிக்கும் கொங்கிறீற் கூரை சூட்டைக் கக்குகிறது. ஓர் அறைக்கு ஏசி பூட்டியிருக்கிறார்கள். எல்லோரும் அந்த அறையில் படுக்கிறார்கள், மின்கட்டணம் வந்ததும் அதை நிறுத்துகிறார்கள்.

இலங்கையில் கட்டடங்களுக்கான எரிசக்தி விதிக்கோவை இல்லாமல் இல்லை. நிலைபேறான எரிசக்தி அதிகாரசபை 2008இலேயே வெளியிட்டது. அது நாலு மாடியோ அதற்கு மேலோ உள்ளவை, 500 சதுர மீற்றரோ அதற்கு மேலோ பரப்புள்ளவை போன்ற பெரிய கட்டடங்களுக்கென வந்தது. குடும்பம் தானே இருக்கக் கட்டும் வீடு அதற்குள் வராது.

ஆனால் எங்கள் சனத்துக்கு இந்த விசயம் விளங்காதது அல்ல. 2015, 2016இல் அரசு 65,000 பொருத்து வீடுகளைக் கொண்டுவரப் பார்த்தபோது, இரும்பு வீடு எங்கள் வெயிலுக்குச் சரிவராது, கல்வீடு தாருங்கள் என்று வடக்கில் குரல் எழுந்தது. எங்கள் வெயிலுக்குச் சரிவருமா என்று அன்று அரசிடம் கேட்டதை எங்கள் மேசனிடமும் கேட்க வேண்டும்.

பிரதேச சபைகளுக்கு என் வேண்டுகோள் சிறியது. விண்ணப்பத்தில் கூரை எதனால் ஆனது, நிழல் எங்கே விழும், சூடான காற்று எந்த வழியால் வெளியேறும் என்று மூன்று கேள்விகளைச் சேருங்கள். வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பும் உறவுகளே, நாற்சார் வீடு ஒன்று இன்னும் உங்கள் பெயரில் நின்றால், முற்றத்தைத் தகரம் போட்டு மூடுமுன் ஒரு சித்திரை மாதம் வந்து அதில் இருந்து பாருங்கள்.