நாரைக்கு மேக்கப் வேண்டாம்: கேள்வி-பதில்

கேள்வி: அண்ணாச்சி, நான் எடுத்த மஞ்சள்மூக்கு நாரைப் படத்தைப் பார்த்தவங்க எல்லாரும் ‘சூப்பர்’ங்கிறாங்க. நீங்க மட்டும் எப்பவும் குறை சொல்றீங்களே?
— எலுமிச்சை மண்டி வியாபாரி, புளியங்குடி

பதில்: மண்டியில் மூட்டையை அவிழ்த்ததும் எல்லாக் காயும் சூப்பர் என்றா விலை வைக்கிறீர்கள்? பழம், பச்சை, பொடி என்று தரம் பிரித்துத்தானே? படத்துக்கும் அந்த மரியாதை வேண்டும். முதலில் நல்லது: கண் துல்லியமாக விழுந்திருக்கிறது. பாதிப் பேருக்கு அதுவே வாய்ப்பதில்லை. ஆனால் கழுத்தும் முதுகும் வெளுத்துப்போய், ஓர் இறகுக் கோடுகூடத் தெரியவில்லை. சுற்றிலும் கரும்பச்சைத் தண்ணீர் இருந்தால் கேமரா வெளிச்சம் போதவில்லை என்று நினைத்துக் கூட்டிவிடும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் 0.7-இல் வைத்து எடுத்துப் பாருங்கள். இருண்ட இடத்தைப் பிறகு ஓரளவு தூக்கிக்கொள்ளலாம். முழுக்க வெளுத்த இடத்தில் மீட்க எதுவுமே இருக்காது.

அடுத்தது அந்த ரோஸ். இந்த நாரைக்கு ரோஜா நிறம் வாலை ஒட்டி மடிந்துகிடக்கும் இறகுகளில்தான் முக்கியமாக உண்டு. நீங்கள் சாச்சுரேஷனை ஏற்றியதில் தண்ணீர்கூட ரோஸ் ஆகிவிட்டது. கொஞ்சம் இறக்குங்கள். அந்த ஒரு கொத்து நிறம் தனியாக நிற்கும்போதுதான் பறவைக்கு அழகு.

கேள்வி: சாயங்காலம் வேலை முடிந்து குளத்துக்குப் போகிறேன். எல்லாப் பறவையும் கறுப்பாகவே விழுகிறது. லென்ஸ் மாற்ற வேண்டுமா?
— ஆட்டோ ஓட்டுநர், புளியங்குடி

பதில்: லென்ஸில் காசைப் போடாதீர்கள், நேரத்தை மாற்றுங்கள். நம் பக்கத்து நிலம் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே சரிகிறது. அதனால் குளத்தின் கரை பெரும்பாலும் கிழக்கே இருக்கும், தண்ணீர் மலையைப் பார்த்து விரிந்துகிடக்கும். சாயங்காலம் கரையில் நின்றால் சூரியன் நேர் எதிரே. பறவையின் நிழல் பக்கம்தான் உங்களுக்குக் கிடைக்கும். போதாததற்கு மலை வெயிலைச் சீக்கிரமே விழுங்கிவிடும்.

அதே கரையில் காலை ஏழு மணிக்கு நின்று பாருங்கள். சூரியன் உங்கள் முதுகில். எதிரே பறவை முழு நிறத்தோடு. அதற்குப் பின்னால் நீல மலை. இப்படி ஒரு திரை எல்லா ஊருக்கும் வாய்க்காது! இன்னொன்று, கரைமேல் நின்று கீழ்நோக்கி எடுக்காதீர்கள். பறவையின் முதுகும் சேறும்தான் வரும். பத்திரமான இடமாகப் பார்த்துச் சரிவில் இறங்கி, தண்ணீர் ஓரம் உட்கார்ந்து, கேமராவைப் பறவையின் கண் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். பின்னால் கிடக்கும் பிளாஸ்டிக் பையும் மின்கம்பமும் தானாக மங்கிவிடும். சாயங்காலம்தான் முடியும் என்றால் நிழலுருவமாகவே எடுங்கள். நெடுங்கால் உள்ளானின் கால் அதற்கென்றே படைத்தது.

கேள்வி: நீலத்தாழைக்கோழியின் நீலம் ஒரு படத்தில் ஊதா, ஒரு படத்தில் பச்சை, ஒரு படத்தில் கறுப்பு. கேமரா கோளாறா?
— பள்ளி ஆசிரியை, சங்கரன்கோவில்

பதில்: கோளாறு இல்லை, டீச்சர். பூநாரையின் சிவப்பு அது தின்னும் இரையிலுள்ள நிறமியால் வருவது. தாழைக்கோழியின் நீலம் இறகின் நுண்ணமைப்பில் ஒளி பட்டுச் சிதறுவதால் வருவது. வெயில் விழும் கோணம் மாறினால் நிறமும் மாறும். முன்பக்க வெயிலுக்குக் காத்திருங்கள். உங்கள் மூன்றாவது படத்தில் அது ஒரு தண்டைக் காலால் பிடித்து வாய்க்குக் கொண்டுபோகிறது. நிறம் சரியில்லாவிட்டாலும் உங்கள் படங்களில் அதுதான் உயிருள்ளது.

கேள்வி: ‘ஆண் மயில் உள்ளானின் பேரழகு’ என்று தலைப்பிட்டு அனுப்பினேனே, எப்படி?
— கல்லூரி மாணவர், கடையநல்லூர்

பதில்: படம் அருமை தம்பி. ஆனால் அது பெண்! இந்த இனத்தில் செம்பழுப்புக் கழுத்தும் பளிச்சென்ற நிறமும் பெண்ணுக்கு. மங்கலான ஆண்தான் அடைகாத்துக் குஞ்சு வளர்க்கிறது. தலைப்பை மாற்றுங்கள், படத்தைத் தொடாதீர்கள்.

கேள்வி: மங்கலான படங்களை அழித்துவிடலாமா?

பதில்: இனம் தெரிந்தால் அழிக்காதீர்கள். 2011 முதல் நடந்துவரும் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு போன்ற பணிகளுக்கு அழகைவிடத் தேதியும் இடமும்தான் முக்கியம்.

கேள்வி: பறவை பறக்கும் படம் வேண்டும். ஒரு கல் எறிந்தால் கூட்டமே எழும்புகிறது. தப்பா?
— வாசகர், வாசுதேவநல்லூர்

பதில்: தப்புதான். சந்தேகமே வேண்டாம். நாங்குநேரி வட்டத்துக் கூந்தன்குளத்தில் மஞ்சள்மூக்கு நாரைகள் ஊருக்குள் வீட்டோர மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. அவை மிரளக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் அது. 1994-இல் சரணாலயமானது, 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் காவல் அதற்கு வெகுகாலம் முன்பே ஊர்க்காரர்களுடையது. கூட்டிலிருந்து தாய் எழும்பினால் முட்டைக்கு வெயில், குஞ்சுக்குக் காக்கை. கல்லெறிந்து எடுத்த படம் பார்த்தாலே தெரியும்: எல்லாப் பறவையும் உங்களுக்கு முதுகைக் காட்டி ஓடும்.

பறவை தானாகப் பறக்கக் காத்திருங்கள். உடம்பைத் தாழ்த்தி, கழுத்தை நீட்டி நிற்கிறதா? எழும்பப்போகிறது. ஷட்டரை 1/2000-இல் வைத்துக்கொள்ளுங்கள். பறக்காவிட்டாலும் நாரை இரை தேடுவதைப் பாருங்கள்: அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் விட்டு, காலால் சேற்றைக் கலக்கும். மீன் அலகில் பட்டதும் மூடித் தலையை மேலே வீசும். அந்த வீச்சுக்கு ஈடாக எந்தப் பறக்கும் படத்தையும் நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: என்னிடம் பழைய கேமராதான். நிறமே சரியாக வருவதில்லை. விட்டுவிடட்டுமா அண்ணாச்சி?
— தையல் கடைக்காரர், புளியங்குடி

பதில்: விடவே கூடாது. 1912-இல் திருநெல்வேலியில் பிறந்த மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தே பெயர் பெற்றவர். நிறம் இல்லாதபோது நிற்கும் விதம், கழுத்தின் வளைவு, இறகின் கோடு இவைதான் பேச வேண்டும். உங்கள் படங்களையும் ஒருமுறை கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். அப்போதும் நன்றாக இருந்தால் அமைப்பு சரி, வெளிச்சத்தை மட்டும் கவனித்தால் போதும். நீங்கள் அனுப்பிய மடையான் படம் அந்தச் சோதனையில் தேறிவிட்டது. இடப்பக்கம் பாதி வெட்டுப்பட்ட தாமரை இலையை மட்டும் கத்தரித்துவிடுங்கள். அடுத்த முறை எடுத்த நேரத்தையும், கரையில் எந்தப் பக்கம் நின்றீர்கள் என்பதையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள்.